எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது

என் வண்டிக்கு ஐந்து வருடக் காப்பீடு இருந்தது. நானாக விரும்பி எடுத்ததல்ல. 2018 செப்டம்பர் முதல், புதிதாக இருசக்கர வண்டி வாங்குகிறவர் மூன்றாம் நபர் காப்பீட்டை ஐந்து வருடத்துக்குச் சேர்த்தே எடுத்தாக வேண்டும் என்று ஆகிவிட்டதால், ஷோரூம்காரர் கேட்காமலே பில்லில் ஏற்றிவிட்டார். செல்போன் கண்ணாடி உடைந்தால் மாற்றித் தரும் திட்டம் ஒன்றும் இருந்தது. அது நானே ஆசைப்பட்டு எடுத்தது. அந்த வண்டியில், அந்த செல்போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, ஆரணி பழைய பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்த ஆசாமிக்கு மட்டும் ஒன்றும் இல்லை.

ஏன் இல்லை என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில் வைத்திருந்தேன்: "எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது." இருபதுகளின் பெரும்பகுதியை இந்த ஒற்றை வாக்கியத்தில் ஓட்டியிருக்கிறேன். சளி பிடித்தால் மிளகு ரசம், காய்ச்சலுக்கு மெடிக்கல் ஷாப் அண்ணன் கிழித்துத் தரும் நான்கு மாத்திரை. இதற்குமேல் என் உடம்புக்கு எதுவும் தேவைப்பட்டதில்லை. அது என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வயசு என்று யாரும் சொல்லவில்லை. சொன்னவர் ஒருவர் உண்டு, அவரைக் கண்டால் நான் ஒளிந்துகொள்வேன்.

அவர் எங்கள் தெருவில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பள்ளியில் வட்டிக் கணக்கை என் மண்டையில் ஏற்ற முயன்று தோற்றவர். ஓய்வுக்குப் பிறகு காப்பீட்டு ஏஜெண்டாகி, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அவர் செருப்புச் சத்தம் திண்ணையில் கேட்டதும் நான் புழக்கடை வழியாக நழுவிவிடுவேன். ஒருமுறை அவரும் புழக்கடை வழியாகவே வந்துவிட்டார்.

"இப்ப உனக்கு ஒடம்பு நல்லா இருக்குதில்ல, அதனாலதான்பா கேக்கறேன்" என்றார். "ஒடம்பு கெட்டப்புறம் நீ என்னத் தேடி வருவ. கம்பெனிக்காரன் உன்ன வேணான்னுடுவான்."

"கட்டுற பணம் திரும்பி வருமா சார்?"

"வரலைன்னா சந்தோஷப்படு."

இந்த பதில் எனக்குப் பிடிக்கவில்லை. எங்கள் ஊர்க்காரனின் பணப்புத்தி வேறு மாதிரி. ஏலச்சீட்டு எடுத்தால் கழிவு போக மிச்சம் கைக்கு வரும். தீபாவளிச் சீட்டு கட்டினால் பலகாரப் பெட்டியாவது வரும், நடத்துகிறவர் ஊரில் இருக்கும் பட்சத்தில். ஆயுள் காப்பீட்டில்கூட மணிபேக் என்று சொன்னால்தான் கையெழுத்து விழும். கட்டியது திரும்பாது, திரும்ப வேண்டுமானால் நான் ஆஸ்பத்திரியில் படுக்க வேண்டும் என்ற ஏற்பாட்டில் எந்த முட்டாள் சேருவான்? 1986-இல் பொதுத்துறை நிறுவனங்கள் மெடிக்ளைம் என்ற பெயரில் இதை நாட்டுக்குக் கொண்டுவந்த நாளிலிருந்து கோடிக்கணக்கானவர்கள் சேர்ந்திருக்கிறார்கள் என்பதெல்லாம் எனக்குப் பொருட்டல்ல.

வாத்தியாரை மடக்க ஒரு திட்டமும் வைத்திருந்தேன். பிரீமியத்துக்குக் கொடுக்கிற பணத்தை நானே தனிக்கணக்கில் போட்டு வருவேன். பத்து வருடத்தில் அது பெருந்தொகையாகிவிடும். வங்கியில் கணக்கும் ஆரம்பித்தேன். முதல் எடுப்பு நண்பன் கல்யாணத்துக்கு, அடுத்தது புது செல்போனுக்கு. பிறகு குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று வங்கி அபராதம் பிடித்தது. அப்படியே நான் யோக்கியமாகச் சேர்த்திருந்தாலும், வருடத்துக்கு ஆறாயிரம் வீதம் பத்து வருடத்தில் அறுபதாயிரமும் கொஞ்சம் வட்டியும்தான். ஐந்து லட்சத்துக்கான பாலிசி முதல் வருடத்திலேயே ஐந்து லட்சத்துக்கு நிற்கும். இந்தக் கணக்கைப் போட வட்டி வாய்ப்பாடுகூடத் தேவையில்லை. வாத்தியார் என்னைப் பற்றி வைத்திருந்த அபிப்பிராயம் சரிதான்.

இடையில் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தேன். சேர்ந்த முதல் வாரமே கழுத்தில் ஒரு அட்டை, பர்ஸில் ஒரு அட்டை. பர்ஸில் இருந்தது மருத்துவக் காப்பீட்டு அட்டை, அதில் அப்பா அம்மா பெயரும் இருந்தது. ஊருக்கு வரும்போதெல்லாம் அதைப் பேச்சோடு பேச்சாக வெளியே எடுத்து, வாத்தியார் கண்ணில் படும்படி வைப்பேன்.

"இது உன்னுதா, கம்பெனியோடதா?" என்று கேட்டார். பொறாமை என்று நினைத்தேன்.

கொரோனா வந்த வருடம் வேலையை விட்டு ஊர் திரும்பினேன். அட்டை பர்ஸிலேயே இருந்தது, காப்பீடு கடைசி வேலைநாளோடு போய்விட்டது. கம்பெனி எடுத்துக் கொடுக்கும் குழுக் காப்பீடு நாற்காலிக்கானது, ஆளுக்கானதல்ல. அதிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறிக்கொள்ள வழியுண்டு. முன்கூட்டியே எழுதிக் கேட்டால், குழுவில் கழித்த வருடங்களைப் புதிய பாலிசியின் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்வார்கள். இதை விளக்கி எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. ஷூ தள்ளுபடி அறிவிப்புகளுக்கு நடுவில், திறக்கப்படாமல் இருந்தது.

என்னோடு படித்த பையன்கள் சிலர் செய்யாறு சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். அவர்களுக்குச் சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிப்பார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் தொழிலாளி பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். "புடிக்கறானுங்கடா" என்று அவர்கள் அலுத்துக்கொள்ளும்போது நானும் உச்சுக்கொட்டுவேன். 1948-ஆம் வருடச் சட்டத்தோடு வந்த ஏற்பாடு அது. தொழிலாளியைக் கேட்டுக்கொண்டு பிடிப்பதில்லை. ஜெர்மனியில் 1883-லேயே தொழிலாளிகளுக்கு நோய்க் காப்பீட்டைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். அமெரிக்காவில் 2010-இல் வந்த சட்டம், பிள்ளைகள் 26 வயதுவரை பெற்றோர் பாலிசியில் ஒட்டிக்கொள்ள இடம் கொடுத்தது. இளவட்டங்களிடம் விருப்பம் கேட்டால் என்ன பதில் வரும் என்பது சட்டம் எழுதுகிறவர்களுக்கு எந்த நாட்டிலும் தெரிந்திருக்கிறது. எங்களைப் போன்ற நெசவாளி வீட்டுக்குத்தான் அப்படிப் பிடிக்கிறவர் யாருமில்லை. சொந்த வீடு, சொந்தத் தறி, சேலைக்கு இவ்வளவு என்று கூலி. பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளியுடையது, முதுகு வலி நம்முடையது.

ஊர் திரும்பிய நான் ஜக்கார்டு தறிகளுக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடும் தொழிலில் இறங்கினேன். மயில், மாங்காய், யானை, அன்னம். 2021-இல் கொரோனாவின் இரண்டாம் அலை வந்தது. என் வயதுக்காரர்கள் படுக்கைக்கும் ஆக்ஸிஜனுக்கும் அலைந்த அந்த மே மாதத்தில் என் ஒற்றை வாக்கியம் தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டது. நானாகவே வாத்தியார் வீட்டுக்குப் போனேன். முன்வாசல் வழியாக.

விண்ணப்பத்தில் எடை கேட்டிருந்தது. கல்லூரிக் காலத்து எடையை எழுதினேன். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என் வயிற்றைப் பார்த்தார். பேசாமல் கூட்டிக்கொண்டு போய், தெரிந்தவருடைய அரிசி மண்டியில், மூட்டை நிறுக்கும் மேடைத் தராசில் ஏற்றிவிட்டார். மூட்டை தூக்குகிற அண்ணன்மார்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். "பொன்னியாப்பா?" என்று ஒருவர் கேட்டார். வந்த எண்ணை எழுதினோம். புகை பிடிப்பீர்களா, ஏற்கெனவே நோய் உண்டா, மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்று வரிசையாகக் கேள்விகள். எல்லாவற்றுக்கும் அவசரமாக "இல்லை" போட்டுக்கொண்டே போன என் கையை வாத்தியார் பிடித்து நிறுத்தினார்.

"இங்க பொய் எழுதினா இப்ப யாரும் கேக்க மாட்டான். ஆஸ்பத்திரியில படுத்தப்புறம் கேப்பான்."

மறைத்த நோய் பிறகு தெரியவந்தால் பணம் தர மறுக்க நிறுவனத்துக்கு உரிமை உண்டு. ஐந்து வருடம் தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய அப்படி மறுக்க முடியாது என்று 2024-இல் விதி வந்திருக்கிறது. முன்பு இது எட்டு வருடம். ஐந்து வருடப் பொறுமையெல்லாம் என்னிடம் ஏது? முதல் வருடமே தாண்டவில்லை.

புதுப்பிக்கச் சொல்லிக் குறுஞ்செய்தி வந்தபோது நான் கணக்குப் பார்த்தேன். ஒரு வருடமாக ஆஸ்பத்திரி வாசலை மிதிக்கவில்லை. அப்படியானால் கட்டியது முழுக்கத் தண்டம். மறுபடி குறுஞ்செய்தி வந்தது. வருடக் கட்டணப் பாலிசிக்குத் தேதி முடிந்தபின்னும் 30 நாள் சலுகை உண்டு, அதற்குள் கட்டினால் தொடர்ச்சி அறுபடாது. சலுகை நாட்களில் அந்தப் பணத்துக்கு ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். நல்ல சத்தம். வாத்தியார் வந்து கூப்பிட்டதுகூடக் கேட்கவில்லை.

2023-இல் கல்யாணம். பெண் வீட்டில் மாப்பிள்ளைக்கு மெடிக்கல் பாலிசி இருக்கிறதா என்று கேட்டார்கள். "இருக்கு" என்று சொல்லிவிட்டு வந்து, மறுநாள் எடுத்தேன். பழையதைத் தொடரவில்லை, புதியது. இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

அதே சமயத்தில் இன்னொரு காரியமும் செய்தேன். அப்பாவின் குடும்ப அட்டையிலிருந்து என் பெயரை நீக்கி, எனக்கும் மனைவிக்கும் தனி அட்டை வாங்கினேன். தனிக் குடும்பத் தலைவன்! அட்டையில் என் போட்டோவை மாமனாருக்கு அனுப்பினேன். அந்த நீக்கலோடு என்ன போகும் என்று எனக்குத் தெரியாது. தமிழ்நாட்டு அரசின் காப்பீடு குடும்ப அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பது. 2009-இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக, குடும்பத்துக்கு நான்கு வருடத்தில் ஒரு லட்சம் என்று தொடங்கியது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாயிற்று. 2018-இல் மத்திய அரசின் திட்டத்தோடு இணைந்து, இன்று வருடத்துக்கு ஐந்து லட்சம் வரை நிற்கிறது. பிரீமியத்தை அரசு கட்டுகிறது. எங்கள் தெருவில் இதய ஆபரேஷன் செய்துகொண்டு வந்து தறியில் உட்கார்ந்தவர் உண்டு. அதற்குமுன் 2005 வாக்கில் மத்திய அரசு கைத்தறி நெசவாளர்களுக்கென்று கொண்டுவந்த காப்பீட்டில் குடும்பத்துக்கே வருடம் 15,000 ரூபாய்தான். அப்பா அந்த அட்டையை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறார். அதை வைத்துக்கொண்டே விரிவான திட்டத்து அட்டையையும் வரிசையில் நின்று வாங்கியவர். அதில் நானும் இருந்தேன். ஸ்மார்ட் கார்டு போட்டோவுக்காக வெளியே வந்தேன்.

எனக்கென்று தனியாக விண்ணப்பிக்கலாமே என்று பார்த்தால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு மிகக்கூடாது. டிசைன் தொழிலில் ஏற்ற இறக்கம் இருந்தாலும் மாதம் பத்தாயிரத்துக்குக் கீழே போனதில்லை. அந்த வரம்புக்கு மேலே, கையில் பணம் புழங்கும் அளவுக்குக் கீழே, நடுவில் ஒரு சந்து இருக்கிறது. ஆரணியில் என் வயதுப் பையன்கள் பாதிப்பேர் அந்தச் சந்தில்தான் வண்டி ஓட்டுகிறோம்.

2024 கத்திரி வெயிலில் இடுப்பில் ஒரு குத்தல். டிசைன் முடிக்கும் மும்முரத்தில் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருப்பது என் வழக்கம். அம்மா வாழைத்தண்டுச் சாறு கொடுத்தாள். இரவுக்குள் குத்தல் முறுக்கலாகி, நான் தரையில் உருண்டேன். சிறுநீரகக் கல். கார் பிடித்து வேலூருக்குக் கிளம்பினோம். கண்ணமங்கலம் தாண்டி, அடுக்கம்பாறை வந்தது. அங்கே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை சாலையோரமாகவே நிற்கிறது.

"இங்கியே காட்டிடலாம்டா" என்றார் அப்பா.

அந்த வலியிலும் எனக்குக் கௌரவம் பேச வாயிருந்தது. "பாலிசி எடுத்து வெச்சிக்கிறேன்பா, எதுக்கு? ப்ரைவேட்டுக்கே போ."

காசு வாங்காத ஆஸ்பத்திரியைத் தாண்டிக் காசு வாங்கும் ஆஸ்பத்திரிக்கு உருண்டுகொண்டே போனேன். அங்கே காப்பீட்டுப் பிரிவில் இருந்த பெண் என் பாலிசியைக் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்தார். "சார், கல்லுக்கு ரெண்டு வருஷம் வெயிட்டிங் பீரியட். உங்களுக்கு இன்னும் ஆகல."

வலி ஒரு விநாடி நின்றது.

பாலிசி எடுத்த முதல் 30 நாள் விபத்து தவிர எதற்கும் பணம் கிடைக்காது. கல், குடலிறக்கம், மூலம், கண்புரை மாதிரி ஒரு பட்டியலுக்குப் பெரும்பாலான பாலிசிகளில் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். முன்பே இருக்கும் நோய்க்கு அதிகபட்சம் மூன்று வருடம். 2024-க்கு முன் அது நான்காக இருந்தது. நோய் வந்தபின் ஓடிவந்து சேருகிறவர்களைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. 2021-இல் எடுத்ததை நான் விடாமல் கட்டியிருந்தால் இரண்டு வருடம் எப்போதோ முடிந்திருக்கும். ஸ்பீக்கர் வாங்கிய வருடத்தில் எண்ணிக்கை அறுந்து, கல்யாண வருடத்தில் ஒன்றிலிருந்து தொடங்கியிருக்கிறது. இதை நான் விளக்கியபோது அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. எனக்குத்தான் அவர் சொல்லித்தான் புரிந்தது.

"பாவு தீர்றதுக்கு முன்னாடியே புதுப் பாவப் பிணைச்சிக்கணும்டா. பழைய இழ அச்சுல நிக்கச்சொல்லவே பிணைச்சா ஒரு நாள் வேல. அத்து வுட்டுட்டா, அத்தினி ஆயிரம் இழையையும் விழுதுல ஒண்ணொண்ணா மறுபடி எடுத்துக் கோக்கணும்."

கல்லை எடுத்தார்கள். பில் முக்கால் லட்சத்தைத் தாண்டியது. என் கணக்கில் இருந்தது முன்பணத்துக்கே போதவில்லை. மிச்சத்தை அப்பா கட்டினார். எங்கிருந்து என்று நான் கேட்கவில்லை. வலி குறைந்து வீட்டுக்கு வந்தபின் அம்மா சொன்னாள்.

முதலாளியிடம் முன்பணம் வாங்கியிருக்கிறார்.

ஆரணியில் இதற்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். கூலிக்கு நெய்கிறவர் முதலாளியிடம் மொத்தமாக வாங்கும் தொகை முன்பணம். வாங்கியபின் அந்தத் தறி அவருக்குத்தான் ஓடும். கடனை அடைத்தால்தான், அல்லது புதிதாக நெய்யக் கூப்பிடும் இன்னொரு முதலாளி அடைத்தால்தான் மாற முடியும். அப்பா பல வருடமாகக் கழித்துக் கழித்து, பழைய முன்பணத்தை ஏறக்குறைய முடித்திருந்தார். சேலைக்குக் கூலி கூட்டித் தருவதாகச் சொன்ன வேறொருவருக்கு அந்த ஆடியில் மாறுவதாக இருந்தது. நான் உருண்ட இரவில் அந்தப் பேச்சு முடிந்துபோயிற்று.

"எனக்கெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று நான் சொல்லிக்கொண்டிருந்த வருடங்களில், ஆனால் ஆகட்டும், என் உடம்பு, என் துணிச்சல், என் பாடு என்றுதான் நினைத்தேன். என் பாடு அதில் எதுவுமே இல்லை. வலி மட்டும் என்னுடையது, அதுவும் ஓர் ஊசியோடு போய்விட்டது. இளம்பிள்ளை ஆஸ்பத்திரியில் படுத்தால் அவன் சேமிப்பு எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை, இருக்காது என்று தெரியும். அப்பாவின் தறி, அம்மாவின் வளையல், மாமனாரின் பி.எஃப். என்றுதான் கை போகும். 2021–22-க்கான தேசியக் கணக்குப்படி, நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறைய 39 சதவீதம் மக்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுத்தது. அந்தக் கையில் எத்தனை முதலாளிகளின் முன்பணம் இருக்கிறது என்று எந்தக் கணக்கெடுப்பும் கேட்பதில்லை. வாத்தியார் என்னிடம் பாலிசி விற்க வந்தார் என்று நினைத்தேன். என் அப்பாவின் தறியைக் காப்பாற்ற வந்திருக்கிறார்.

இத்தனைக்கும் பிறகு நான் திருந்தியிருப்பேன் என்று எதிர்பார்க்க வேண்டாம். பாலிசியை மட்டும் விடாமல் வைத்திருந்தேன். அந்த மழைக்காலத்தில் டெங்கு வந்தது. டெங்குவுக்கு 30 நாள் காத்திருப்பு மட்டுமே, அது எப்போதோ முடிந்திருந்தது. இம்முறை காப்பீட்டுப் பிரிவுக்கு மார்பை நிமிர்த்திக்கொண்டு போனேன். எந்த அறை வேண்டும் என்றார்கள். என் பாலிசி, என் உரிமை, தனி அறை, ஏசி என்றேன். ஒரு நாளைக்கு ஆறாயிரம்.

பாலிசியில் அறை வாடகைக்கு வரம்பு ஒன்று இருந்தது. காப்புத்தொகையில் ஒரு சதவீதம். என்னுடையது மூன்று லட்சம், ஆகவே நாளைக்கு மூவாயிரம். கூடுதல் மூவாயிரத்தைக் கையிலிருந்து கொடுத்தால் முடிந்தது என்று நினைத்தேன். அப்படியில்லை. அனுமதித்ததைவிட இரட்டிப்பு வாடகை அறையில் படுத்தால், டாக்டர் கட்டணம், நர்சிங் கட்டணம் என்று அறையை ஒட்டி ஏறும் செலவுகளையும் பாதியாக வெட்டுவார்கள். மருந்துக்கும் பரிசோதனைக்கும் இந்த வெட்டு கிடையாது, அதனால் பிழைத்தேன். இருவர் படுக்கும் அறையில் இருந்திருந்தால் கையிலிருந்து போனது பாதிகூட இருந்திருக்காது. பேச்சுத்துணையும் கிடைத்திருக்கும். ஆனாலும் பில்லின் பெரும்பகுதியை நிறுவனம்தான் கொடுத்தது. அப்பா யாரிடமும் போய் நிற்கவில்லை. நான் எடுத்த காப்பீடு முதல்முறையாக, என்னையும் மீறி, வேலை செய்தது.

இப்போது என் டிசைன் சென்டருக்கு வரும் பையன்களிடம் நான் இதைப் பற்றிப் பேசுகிறேன். அரசு அட்டையில் பெயர் இருக்கிறதா என்று முதலில் பார், இருந்தால் அவசரப்பட்டு நீக்காதே என்கிறேன். கம்பெனி வேலை என்றால், கம்பெனி அட்டைக்கு வெளியே சின்னதாகச் சொந்தமாக ஒன்று வைத்துக்கொள். வேலையை விடும் மாதத்தில் மின்னஞ்சலைத் திற. அறை வாடகை வரம்பு எவ்வளவு, எந்த நோய்க்கு எத்தனை வருடம் காத்திருக்க வேண்டும், உன் பங்காக எத்தனை சதவீதம் கழிப்பார்கள் என்ற மூன்றையும் கையெழுத்துப் போடுமுன் கேள். எடுத்தபின் பிடிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துவிடலாம். நிறுவனம் பிடிக்கவில்லையென்றால் விட்டுவிடாதே, காத்திருந்த காலத்தோடு வேறு நிறுவனத்துக்கு மாறலாம், 2011 முதல் அந்த வசதி இருக்கிறது. இதையெல்லாம் இருபத்தைந்தில் செய்தால் பிரீமியமும் குறைவு, பெரும்பாலும் பரிசோதனையும் கேட்க மாட்டார்கள், காத்திருப்பு வருடங்கள் நீ கிரிக்கெட் ஆடும் காலத்திலேயே கழிந்துவிடும். நாற்பதில் சர்க்கரையோடு போய் நின்றால் அதே படிவம் வேறு முகம் காட்டும்.

பையன்கள் மரியாதையாகக் கேட்கிறார்கள். ஒருவன் மட்டும், "பணம் திரும்பி வருமாண்ணா?" என்றான். எனக்கு பதில் தெரியும். ஆனால் வாத்தியார் சொன்ன மிடுக்கோடு சொல்ல வரவில்லை, இருமல் வந்துவிட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. இல்லை. அதன்பின் வந்த என் புதுப்பித்தலில் ஆயிரத்துச் சொச்சம் மிச்சமாயிற்று. குறுஞ்செய்தி வந்த அன்றே கட்டிவிட்டு, மிச்சப் பணத்தை அப்பாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். தறியிலிருந்து எழாமலே வாங்கி, இரண்டு முறை எண்ணினார்.

"முதலாளி முன்பணத்துல கழிச்சிக்கவா?" என்றார். "இல்ல, இதுவும் திரும்பக் கேப்பியா?"